சாவு வீட்டில் இரண்டு சங்கீதம்

போன வருடம் எங்கள் தாமானில், அதாவது வீடமைப்புக் குடியிருப்பில், ஒரு பாட்டி காலமானார். மலேசியாவின் தெற்குக் கெடாவில், இப்போது செம்பனை (எண்ணெய்ப் பனை) காடாகிவிட்ட ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். பிறவிக் கத்தோலிக்கர். மூத்த மகளை மெத்தடிஸ்ட் குடும்பத்தில் கொடுத்திருந்தார். நடு மகள் கட்டிக்கொண்டது இந்துக் குடும்பத்துப் பையனை. கடைசி மகன் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. தோட்டத்து ஊர்களில் இது அதிசயமான குடும்பம் இல்லை. உங்கள் தெருவிலும் ஒன்று இருக்கும்.

வீட்டு முன்னால் கூடாரம், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் பெரிய கெண்டியில் கோப்பி. இரவு ஜெபத்துக்கு மாதா கோயிலிலிருந்து உபதேசியார் வந்திருந்தார். 23ஆம் திருப்பாடலை எடுத்தார். "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்று அவர் வாசிக்கத் தொடங்க, இடப்பக்கம் உட்கார்ந்திருந்த மெத்தடிஸ்ட் சம்பந்திமார் புத்தகமே இல்லாமல் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்று கூடவே சொல்ல ஆரம்பித்தார்கள். இரண்டும் ஒரே சங்கீதம்தான். ஆனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, இரண்டுமே காதில் விழவில்லை. உபதேசியார் குரலைத் தாழ்த்தினார். அவர்களும் தாழ்த்தினார்கள்.

அப்புறம் இயேசு கற்பித்த ஜெபம். கத்தோலிக்கர்கள் தீமையிலிருந்து விடுவிக்கக் கேட்டதோடு ஆமென் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். மற்றவர்கள் "ராஜ்யமும், வல்லமையும், மகிமையும்" என்று தொடர்ந்து போனார்கள். நிறுத்தியவர்கள் தரையைப் பார்த்தபடி நின்றார்கள். இந்துச் சம்பந்தி கைகூப்பியபடி இரண்டு பேரும் முடிக்கட்டும் என்று காத்திருந்தார். பத்து விநாடிகூட ஆகியிருக்காது. ஆனால் அந்தப் பத்து விநாடிக்குப் பின்னால் சில நூறு வருட வரலாறு நிற்கிறது. அதைத்தான் இங்கே விளக்கிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடலாம். அந்தக் கடைசி வரிகளைக் கத்தோலிக்கர்கள் சொல்லாதவர்கள் இல்லை. பூசையில் ஆமென் சொல்லாமல் நிறுத்துகிறார்கள், குருவானவர் ஒரு சின்ன ஜெபம் சொல்கிறார், அதன் பிறகு அதே வரிகளை மக்கள் எல்லோரும் சேர்ந்து சொல்கிறார்கள். பூசைக்கு வெளியில் மட்டும் நிறுத்திக்கொள்வது வழக்கம். ஆக, அன்று கூடாரத்தில் இருந்த எல்லோருக்கும் அந்த வரிகள் தெரியும். ஒருவருக்குத் தெரியும் என்பது மற்றவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

மொழிபெயர்ப்பின் கதை இன்னும் வருத்தமானது. உலகக் கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1968இல், கத்தோலிக்கத் திருச்சபையும் ஐக்கிய வேதாகமச் சங்கங்களும் சேர்ந்து வேதத்தை மொழிபெயர்ப்பதற்கு வழிமுறைகள் வகுத்தன. தமிழில் அந்த வழியில் வந்ததுதான் 1995இல் வெளியான திருவிவிலியம், பொது மொழிபெயர்ப்பு. இரு தரப்பு அறிஞர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து உழைத்த உழைப்பு அது. கத்தோலிக்கர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் 19ஆம் நூற்றாண்டின் பழைய மொழிபெயர்ப்பையே விடாமல் வைத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாய் மடியில் மனப்பாடம் செய்த வரியைச் சாவு வீட்டில் யாராலும் மாற்றிச் சொல்ல முடியாது. ஆனால் பொதுவுக்கு என்று செய்த புத்தகம் எங்கள் ஊரில் கத்தோலிக்கப் புத்தகமாகிவிட்டது.

இந்தப் பிரிவுகள் எல்லாம் எங்கள் ஊரில் முளைத்தவை அல்ல. கப்பலில் வந்தவை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் ஏற்றம் கண்டபோது சென்னை மாகாணத்திலிருந்து கங்காணிமார் ஆள் கூட்டி வந்தார்கள். 1938இல் இந்திய அரசு தடுத்து நிறுத்தும்வரை அது நடந்தது. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மாரியம்மனையும் முனீஸ்வரனையும் கூடக் கொண்டுவந்தவர்கள். கிறிஸ்தவர்கள் சிறு பங்கு. அந்தச் சிறு பங்குக்குள்ளும் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பதே எந்தச் சபை என்பதைத் தீர்மானித்தது. தரங்கம்பாடியில் 1706இல் சீகன்பால்க் வந்திறங்கித் தொடங்கிய லுத்தரன் வழியில் வந்தவர்கள் இங்கும் லுத்தரன்கள். மலேசியாவின் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையே தமிழ்த் தொழிலாளர்களின் சபையாக வேர்விட்டதுதான். திருநெல்வேலிப் பக்கத்து ஆங்கிலிக்கன்கள் இங்கும் ஆங்கிலிக்கன்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கிராணி (அலுவலக எழுத்தர்) வேலைக்கும் ரயில்வேக்கும் வந்தவர்களில் மெத்தடிஸ்டுகள் இருந்தார்கள். இன்றும் மலேசிய மெத்தடிஸ்ட் திருச்சபைக்குள் தமிழ் மாநாடு என்று தனிப் பிரிவே உண்டு. மலையாளக் கிராணிமாரோடு மார்த்தோமா, சிரியன் ஆர்த்தடாக்ஸ் சபைகளும் வந்தன. கத்தோலிக்கர்களுக்குப் பாரிஸ் அந்நிய நாட்டு மறைபரப்புச் சபையின் பிரெஞ்சுக் குருக்கள், எங்கள் பேச்சில் சாமிமார். அதே சபைதான் புதுச்சேரியையும் கவனித்துவந்தது. அதனால் தமிழ் பேசும் வெள்ளைக்காரச் சாமிமார் மலாயாத் தோட்டங்களுக்கும் கிடைத்தார்கள்.

ரோமுக்கும் லூத்தருக்கும் நடந்த சண்டை, இங்கிலாந்து அரசருக்கும் போப்பாண்டவருக்கும் நடந்த சண்டை, இவை எதையும் பார்த்திராத எங்கள் தாத்தா பாட்டிமார் அவற்றைத் தகரப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரே லயத்தில் குடியிருந்தார்கள், காலையில் பேர் கூப்பிடும் ஒரே பெரட்டுக்களத்தில் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பிரிந்தார்கள்.

என் அம்மாவின் சின்ன வயதில், பக்கத்து வீட்டு லுத்தரன் அக்காவின் கல்யாண ஆராதனைக்கு அம்மா போகவில்லை. அழைப்பு இருந்தது, ஆசையும் இருந்தது. கோயிலுக்குள் போகாமல் வெளியே நின்றுவிட்டு, சாப்பாட்டுக்கு மட்டும் போனார்களாம். காரணம் இருந்தது. 1917ஆம் ஆண்டின் கத்தோலிக்கச் சட்டத்தொகுப்பு, பிற சபைகளின் வழிபாட்டில் கத்தோலிக்கர்கள் பங்கெடுப்பதைத் தடுத்தது. 1928இல் போப் 11ஆம் பத்திநாதர், சபை ஒற்றுமைக்காக அப்போது நடந்துவந்த மாநாடுகளுக்குக் கத்தோலிக்கர்கள் போகக்கூடாது என்று சுற்றுமடல் எழுதினார். பிரிந்து போனவர்கள் திரும்பி வரட்டும், அதுதான் ஒற்றுமை என்பது அன்றைய நிலைப்பாடு.

அது மாறியது எங்கள் அம்மாவின் ஆயுளுக்குள்ளேயே. 1960இல் போப் 23ஆம் அருளப்பர் கிறிஸ்தவ ஒற்றுமைக்கென்று ஒரு செயலகத்தை ஏற்படுத்தி, கர்தினால் அகஸ்டின் பேயாவைத் தலைவராக்கினார். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு மற்றத் திருச்சபைகளின் பிரதிநிதிகளைப் பார்வையாளர்களாக அழைத்தார்கள். 1964 நவம்பர் 21ஆம் தேதி ஒற்றுமை பற்றிய ஏடு நிறைவேறியது. ஆதரவு 2137, எதிர்ப்பு வெறும் 11. அதில் மூன்று விஷயங்கள் எங்கள் ஊரைத் தொடுபவை. பிரிவினைக்கு இரு தரப்பாரிடமும் குற்றம் இருந்தது என்று ஒத்துக்கொண்டது. இன்று அந்தச் சபைகளில் பிறந்து வளர்பவர்கள் மேல் பிரிந்த பாவத்தைச் சுமத்தக்கூடாது என்றது. திருமுழுக்குப் பெற்ற எல்லோரும் முழுமையாக இல்லாவிட்டாலும் உண்மையாகவே ஒரே உறவில் இருக்கிறார்கள் என்றது. 1965 டிசம்பர் 7ஆம் தேதி, 1054இல் ரோமும் கான்ஸ்டாண்டிநோபிளும் ஒன்றையொன்று விலக்கிவைத்த தீர்ப்புகளைப் போப் 6ஆம் சின்னப்பரும் முதுபெரும் தலைவர் அத்தனகோராசும் நினைவிலிருந்தே நீக்கினார்கள்.

ரோம் இந்தப் பாதைக்கு வருமுன்பே தமிழர்கள் அதில் நடந்துகொண்டிருந்தார்கள். இதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மறைபரப்பு மாநாட்டில், திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா எழுந்து நின்று, நீங்கள் எங்களுக்காக எவ்வளவோ தியாகம் செய்தீர்கள், இப்போது எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்று வெள்ளைக்கார மிஷனரிகளைப் பார்த்துக் கேட்டார். 1912இல் அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். 1919இல் தரங்கம்பாடியில் கூடிய போதகர்களின் கூட்டத்திலும் முன்னணியில் நின்றார். அந்தக் கூட்டம் போட்ட விதைதான் 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னையில் முளைத்த தென்னிந்தியத் திருச்சபை. ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், கான்கிரிகேஷனல் என்று நான்கு மரபும் ஒன்றாயின. அதைப் பார்க்க அசரியா உயிரோடு இல்லை. இன்னொருவர் யாழ்ப்பாணத் தமிழர், மெத்தடிஸ்ட் போதகர் டி. டி. நைல்ஸ். உலகத் திருச்சபைகளின் மன்றம் 1948இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியபோது தொடக்க ஆராதனையில் பிரசங்கம் செய்தவர்களில் ஒருவர். 1959இல் கிழக்காசியக் கிறிஸ்தவ மாநாடு முறைப்படி தொடங்கியது கோலாலம்பூரில். அதன் முதல் பொதுச் செயலாளரும் அவரே. நம் ஊர்த் தலைநகரில் ஒரு தமிழர் இதைச் செய்தார் என்பதை நான் ஐம்பது வயது தாண்டித்தான் தெரிந்துகொண்டேன்.

சரி, இந்தக் கையெழுத்துகளுக்கெல்லாம் எங்கள் ஊரில் என்ன அர்த்தம்?

மெத்தடிஸ்ட் பெண் கத்தோலிக்கப் பையனைக் கட்டி, கத்தோலிக்கத் திருச்சபையில் சேர விரும்பினால், அவளுக்கு மறுபடி ஞானஸ்நானம் கிடையாது. தண்ணீரால், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் கொடுத்திருந்தால் அது செல்லும். சேராமல் மெத்தடிஸ்டாகவே இருந்து கட்டிக்கொள்வதற்கும் ஆயரின் அனுமதியோடு வழி உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை. கல்யாணம் பேசும்போது "மாறினால்தான் ஆகும்" என்று மாமியார் வீடு கறாராக நின்று, சம்பந்தம் முறிந்ததை நான் பார்த்திருக்கிறேன். திருச்சபை கேட்காததைக் குடும்பம் கேட்டது.

லுத்தரன்களோடு ரோம் 1999 அக்டோபர் 31ஆம் தேதி ஆக்ஸ்பர்க்கில் கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டது. மனிதன் கடவுளுக்கு ஏற்புடையவனாவது தன் புண்ணியத்தாலா, கடவுளின் அருளாலா என்பதே 16ஆம் நூற்றாண்டுச் சண்டையின் நடுமையம். அருளாலேயே, கிறிஸ்துவின் மீதுள்ள விசுவாசத்தில், நம் தகுதியால் அல்ல என்று இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள். அறிக்கையில் விளக்கியபடி போதிக்கும்வரை பழைய கண்டனங்கள் பொருந்தா என்றார்கள். 2006இல் மெத்தடிஸ்டுகளும் அதில் சேர்ந்துகொண்டார்கள். ஆக, அந்தப் பாட்டியின் சாவு வீட்டில் உட்கார்ந்திருந்த கத்தோலிக்கருக்கும் மெத்தடிஸ்டுக்கும் இடையில் நாம் நினைக்கிற அந்தப் பெரிய சண்டை இப்போது இல்லை. இதை எந்த மேடையிலும் யாரும் அவர்களுக்கு அறிவித்ததாக எனக்கு நினைவில்லை.

பூசையில் அப்பம் பகிரும் நற்கருணை மட்டும் இன்னும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. கல்யாணப் பூசையில் ஒரு பக்கத்துப் பெஞ்சு எழுந்து வரிசையில் போகும், எதிர்ப்பக்கம் உட்கார்ந்தே இருக்கும். சிலர் நெஞ்சில் கைகளைக் குறுக்காக வைத்துக்கொண்டு ஆசீர்வாதத்துக்காக வருவார்கள். கத்தோலிக்கப் பார்வையில், ஒரே அப்பத்தைப் பகிர்வது ஏற்கனவே ஒன்றாகிவிட்டோம் என்பதன் அடையாளம். ஒன்றாவதற்கு முன் அடையாளத்தை மட்டும் எடுத்துக்கொள்வது பொய்யாகிவிடும் என்கிறார்கள். இந்த நியாயத்தை நான் ஏற்கிறேன். ஆனாலும் மணப்பெண்ணின் அம்மா உட்கார்ந்தபடியே மகள் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சு வலிக்கத்தான் செய்கிறது.

பெந்தெகொஸ்தே சபைகளோடு விஷயம் வேறு. அவர்களில் பலர் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்பதில்லை, முழுக்கு ஞானஸ்நானம் திரும்பக் கொடுப்பார்கள். அதோடு அவர்கள் போதகருக்கு மேலே பேசித் தீர்க்க ஒரு மையத் தலைமை பெரும்பாலும் இருப்பதில்லை. தேசிய அளவில் மட்டும் ஒரு பொதுக் குடை உண்டு. 1980களில் அமைந்த மலேசியக் கிறிஸ்தவச் சம்மேளனத்தில் கத்தோலிக்க ஆயர்கள், திருச்சபைகளின் மன்றம், சுவிசேஷ ஐக்கியம் மூன்றும் சேர்ந்திருக்கின்றன.

இந்துக்களோடு எங்கள் உறவு இதற்கு நேர் எதிரான வழியில் வந்தது. இங்கே காகிதம் பின்னால் வந்தது, வாழ்க்கை முன்னால் போய்விட்டது.

தோட்டத்தில் "கோயிலுக்குப் போறேன்" என்று சொன்னால் எந்தக் கோயில் என்று கேட்க வேண்டும். கத்தோலிக்கருக்கும் அது கோயில்தான், மாதா கோயில். அம்மன் திருவிழாவுக்குச் சம்பளத்தில் பிடித்த சந்தாவை எல்லோரும் கொடுத்தார்கள். தீபாவளிப் பலகாரம் கிறிஸ்தவ வீட்டுக்கும், கிறிஸ்துமஸ் கேக் இந்து வீட்டுக்கும் போகும். ஆயாக் கொட்டகையில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே தொட்டிலில். இதற்கு யாரும் உரையாடல் என்று பெயர் வைக்கவில்லை.

1965 அக்டோபர் 28ஆம் தேதி வத்திக்கான் சங்கம் வெளியிட்ட 'நோஸ்த்ரா ஏத்தாத்தே' அறிக்கை வெறும் ஐந்து பத்திகள். சங்கத்தின் 16 ஏடுகளில் மிகச் சிறியது. யூதர்களைப் பற்றி மட்டும் பேச ஆரம்பித்த வரைவு அது. ஐரோப்பாவில் லட்சக்கணக்கான யூதர்கள் கொல்லப்பட்ட பிறகு, கிறிஸ்தவப் போதனையில் ஊறியிருந்த யூத வெறுப்பைத் துடைக்க வேண்டும் என்று பிரெஞ்சு யூத வரலாற்றாசிரியர் ழூல் இசாக் 1960இல் போப்பாண்டவரை நேரில் கண்டு கேட்டுக்கொண்டார். வரைவு விவாதத்துக்கு வந்தபோது மத்தியக் கிழக்கு ஆயர்களும் ஆசிய ஆயர்களும் எங்கள் அண்டை வீட்டார் யூதர்கள் அல்லவே என்றார்கள். அப்படித்தான் இந்து சமயமும் பௌத்தமும் இஸ்லாமும் உள்ளே வந்தன. இந்துக்கள் தெய்வ மறைபொருளைத் தியானித்து, அதைப் புராணங்களின் வளத்தாலும் தத்துவ ஆராய்ச்சியாலும் வெளிப்படுத்துகிறார்கள், தவத்தாலும் தியானத்தாலும் அன்போடு இறைவனைச் சரணடைவதாலும் விடுதலை தேடுகிறார்கள் என்று எழுதினார்கள். இந்தச் சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக இருக்கும் எதையும் கத்தோலிக்கத் திருச்சபை ஒதுக்குவதில்லை என்றும் எழுதினார்கள். 2221 பேர் ஆதரித்தார்கள், 88 பேர் எதிர்த்தார்கள்.

சரணடைதல் என்ற சொல் அங்கே இருப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. காவடி எடுத்து, மூச்சு வாங்கி, கண்ணீரோடு படியேறுகிறவரைப் பார்த்து "விக்கிரக ஆராதனை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிற கிறிஸ்தவர் இந்த ஐந்து பத்திகளையும் வாசித்ததில்லை.

ஆனால் வாழ்ந்துவிட்டால் போதும் என்று இருந்துவிட முடியாது. எங்கள் பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்கள். பக்கத்து வீட்டு அத்தை பிரசாதம் கொடுத்தால் சாப்பிடலாமா? விபூதி பூசிவிட்டால்? பொங்கல் நம்ம பண்டிகையா? தோட்டத்தில் யாரும் கேட்காத கேள்விகள் இவை. பிரசாதத்துக்குப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 8ஆம் அதிகாரத்தை எல்லோரும் எடுக்கிறார்கள். விக்கிரகம் என்பது ஒன்றுமில்லை, ஆகவே சாப்பாடு நம்மைக் கெடுக்காது, ஆனால் பலவீனமான சகோதரனுக்கு இடறலாகிவிடாதே என்கிறார் பவுல். கத்தோலிக்கர் முதல் பாதியைப் பிடித்துக்கொள்கிறார், பெந்தெகொஸ்தே தம்பி இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொள்கிறார். என் வழி இதுதான்: அன்போடு நீட்டிய கையைத் தட்டிவிட மாட்டேன், வழிபாடாக அதில் கலந்துகொள்ளவும் மாட்டேன். அத்தைக்கு அது புரிகிறது. நான் ஏன் விபூதி பூசிக்கொள்வதில்லை என்று ஒருநாள் உட்கார்ந்து சொன்னேன், அவர் ஏன் பூசுகிறார் என்று அவர் சொன்னார். சாம்பல்தான் முடிவு என்பதை மறக்காமல் இருக்க என்றார். தவக்காலத்தின் முதல் நாள் எங்கள் நெற்றியிலும் சாம்பல்தான் என்று நான் சொல்ல, அவருக்கு ஆச்சரியம். நாற்பது வருடம் அடுத்தடுத்து இருந்துவிட்டு அன்றுதான் இதைப் பேசினோம்.

1991இல் வத்திக்கான் வெளியிட்ட ஓர் ஏடு, உரையாடலுக்கு நான்கு வடிவம் சொல்கிறது: அக்கம்பக்கமாக வாழ்வது, பொது நன்மைக்காகச் சேர்ந்து வேலை செய்வது, அறிஞர்கள் கோட்பாட்டைப் பேசுவது, ஜெப தியான அனுபவத்தைப் பகிர்வது. முதலாவதில் தோட்டத்து மக்கள் ரோமுக்கே பாடம் எடுப்பார்கள். ஆனால் அத்தையோடு எனக்கு நடந்தது போன்ற பேச்சு எங்கள் ஊரில் அபூர்வம்.

பொங்கல் எங்கள் கோயிலில் பூசையோடு நடக்கிறது. முற்றத்தில் மூன்று கல் கூட்டி, புதுப்பானையில் மஞ்சள் கொத்து கட்டி, பால் பொங்கும்போது "பொங்கலோ பொங்கல்". சாமி பானைக்கு மேல் சிலுவை போட்டு மந்திரிப்பார். இது நன்றித் திருநாள் என்பது எங்கள் எண்ணம். சூரியனைக் கும்பிடுகிறீர்கள் என்று மற்றச் சபைகளில் சிலர் சொல்லுவார்கள். அதற்கடுத்த வாரம், ஜனவரி 18 முதல் 25 வரை, உலகின் பல நாடுகளில் கிறிஸ்தவ ஒற்றுமை வாரம். 1908இல் தொடங்கிய வழக்கம் அது. பொங்கல் பானையைப் பற்றி ஒருவரையொருவர் கடிந்துகொண்ட கையோடு ஒற்றுமைக்காக ஜெபிக்கிறோம்.

ஒரு கசப்பையும் பேசாமல் விட முடியாது. இந்துச் சகோதரர்களுக்கு எங்கள் மேல் ஒரு குறை உண்டு, அது நியாயமானதும்கூட. நோயாளி வீட்டில், வேலை போன வீட்டில், குடிகாரக் கணவனிடம் அடிவாங்கிய பெண்ணிடம், அரிசியோடும் பால்மாவோடும் வேதத்தையும் கொண்டுபோகிறார்கள் என்கிறார்கள். எல்லோரும் அப்படி இல்லை. ஆனால் நடந்திருக்கிறது. சமயச் சுதந்திரம் பற்றிய சங்க ஏடு, 1965 டிசம்பரில், விசுவாசத்தைப் பரப்பும்போது கட்டாயமோ நேர்மையற்ற வசப்படுத்தலோ கூடாது, ஏழைகளிடமும் படிக்காதவர்களிடமும் மிகக் குறிப்பாகக் கூடாது என்று எழுதியது. எங்கள் லயத்து வாசலில் நின்று எழுதியது போல இருக்கிறது. இதை எங்கள் பக்கமே முதலில் உரக்கச் சொல்ல வேண்டும்.

இஸ்லாத்தோடு பேசுவது மலேசியாவில் தனி வகை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி முஸ்லிம்கள் 63.5 விழுக்காடு, பௌத்தர்கள் 18.7, கிறிஸ்தவர்கள் 9.1, இந்துக்கள் 6.1. இஸ்லாம் கூட்டரசின் சமயம். முஸ்லிம்களிடையே பிற சமயம் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்கிறது அரசியலமைப்பின் 11ஆவது பிரிவு. முஸ்லிமல்லாதவர்கள் சேர்ந்து குரல் கொடுக்க பௌத்த, கிறிஸ்தவ, இந்து, சீக்கிய ஆலோசனை மன்றம் 1983இல் அமைந்தது. தாவோ சமயம் பின்னால் சேர்ந்தது. தமிழ்ப் பகுதியும் கொண்ட கத்தோலிக்க வார இதழ் 'ஹெரால்ட்', மலாய்ப் பக்கங்களில் கடவுளை அல்லாஹ் என்று எழுதுவது பற்றிய வழக்கில் 2009 கடைசியில் உயர்நீதிமன்றத்தில் வென்றது, 2013இல் மேல்முறையீட்டில் தோற்றது, 2014இல் கூட்டரசு நீதிமன்றமும் அதற்கு மேல்முறையீடு செய்ய அனுமதி மறுத்தது. 2010 ஜனவரியில் சில தேவாலயங்கள் தாக்கப்பட்டன. அந்த வாரம் எங்கள் கோயிலுக்கு வெளியே இரவில் காவலுக்கு உட்கார்ந்த ஆண்களுக்கு, எதிர்க் கடை மாமாக் அண்ணன், இந்திய முஸ்லிம், தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) கொண்டுவந்து கொடுத்துக் காசு வாங்க மறுத்துவிட்டார். அண்டை நாட்டில் 2024 செப்டம்பரில் போப் பிரான்சிஸும் ஜகார்த்தா இஸ்திக்லால் பள்ளிவாசலின் தலைமை இமாமும் ஒரே அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அந்தப் பள்ளிவாசலுக்கும் எதிரே உள்ள பேராலயத்துக்கும் இடையே நிலத்தடியில் நட்புப் பாதையே அமைத்திருக்கிறார்கள். எங்களுக்கு இன்னும் அந்தத் தே தாரிக்தான்.

வருடா வருடம் ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் பஸ் பிடித்துப் போகிறோம். பஸ்ஸில் பாதிப் பேர் இந்துக்கள், சில சீனக் குடும்பங்களும் வரும். மெழுகுவர்த்தி ஏந்தி நடப்பார்கள், ஊற்றுத் தண்ணீரைப் போத்தலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். 2019இல் அந்த ஆலயம் சிறு பேராலயமாக உயர்ந்தது. அங்கே யாரும் யாரையும் எந்தச் சமயம் என்று கேட்பதில்லை. சுங்கைப் பட்டாணியில் பிறந்து, 2016இல் மலேசியாவின் முதல் கர்தினாலான அந்தோணி சோத்தர் பெர்னாண்டஸ் எங்கள் வட்டாரத்துப் பிள்ளை. இந்தக் கலப்புக்குள் பிறந்தவர்தான் அவரும்.

தோட்டம் உடைந்த பிறகு இந்தக் கலப்பு தானாக நடப்பதில்லை. நிலம் கைமாறியது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் குடியேறினார்கள். நாங்கள் தாமானிலும் மலிவுவிலை அடுக்குமாடியிலும் சிதறினோம். கதவுக்குக் கம்பி போட்டுப் பூட்டுகிறோம். பெரட்டுக்களம் இல்லை, பொதுக் குழாய் இல்லை. மற்றவர் வீட்டில் இன்று என்ன நாள் என்பதே தெரிவதில்லை. 1976 ஆகஸ்டில் தீபகற்ப மலேசியாவின் குருக்கள் பினாங்கில் ஒரு மாதம் கூடி, அக்கம்பக்கத்துச் சிறு கிறிஸ்தவக் குழுக்களான அன்பியங்களைக் கட்ட முடிவெடுத்தபோது, உரையாடலையும் முன்னுரிமைகளில் ஒன்றாக வைத்தார்கள். அன்று அது தோட்டத்துக்குத் தேவைப்படவில்லை. இன்று தாமானுக்குத் தேவைப்படுகிறது.

எங்கள் பழைய தோட்டத்தின் இடுகாடு செம்பனை வரிசைகளுக்கு நடுவில் இன்னும் இருக்கிறது. இந்து, கிறிஸ்தவர் என்று வேலி போடாத இடுகாடு. நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று நாங்கள் போகும்போது இந்துக் குடும்பங்களும் வந்து புல்வெட்டுவார்கள். எங்கள் சாமி ஒவ்வொரு மேட்டின் மேலும் தீர்த்தம் தெளித்துக்கொண்டே போவார், யாருடையது என்று பார்ப்பதில்லை. நிலத்தை வாங்கிய கம்பெனி இப்போது அங்கே வீடு கட்டப் போகிறது, எலும்புகளை வேறிடம் மாற்றச் சொல்கிறது. மாதா கோயில், அம்மன் கோயில் நிர்வாகம், மெத்தடிஸ்ட் சபை மூன்றும் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். பெந்தெகொஸ்தே சபையிலிருந்து அந்தப் பாட்டியின் கடைசி மகன் வருகிறார், அவருடைய அப்பா அங்கேதான் கிடக்கிறார்.

கம்பெனிக்குக் கொடுக்க நாங்கள் பட்டியல் எடுக்கிறோம். பெயர், இறந்த வருடம், வாரிசு, சமயம் என்று நான்கு கட்டம். சிமெண்டுக் கல்லறைகளைச் சீக்கிரம் எழுதிவிட்டோம். மண் மேடுகளில் மரச் சிலுவை மக்கிப்போயிருக்கிறது, நட்ட கல் சாய்ந்து கிடக்கிறது. கிழக்கு ஓரத்தில் இருப்பவற்றில் பாதிக்குச் சமயம் என்ற கட்டத்தை எங்களால் நிரப்ப முடியவில்லை. இடுகாட்டைத் தெரிந்த கிழவர்கள் இரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள், ஒருவர் அம்மன் கோயில் பழைய பூசாரி, மற்றவர் எங்கள் உபதேசியார். வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் புதர் வெட்டும் பாராங் கத்தியோடு இருவரையும் அழைத்துக்கொண்டு போகிறோம்.